சாணக்கல்லுக்கு எந்த எண்ணெ? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, நான் தலவாக்கலை பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறேன், அதாவது செடியோட கிளைகள வெட்டி விடுற வேல. ஹார்ட்வெயார் கடையில வாங்கின சாம்பல் கலர் ரெண்டு பக்க சாணக்கல்லு, வாங்கின நாள்ல இருந்து தேங்கா எண்ணெ போட்டுத்தான் தீட்டுறேன். இப்ப கல்லு வழுவழுன்னு ஆகி கூர் ஏறவே மாட்டேங்குது. கல்லு தேஞ்சு போச்சா, எண்ணெயில பிழையா?
– ஒரு வாசகர், தலவாக்கலை

பதில்: தம்பி, கல்லு தேயல, அடச்சிருக்கு. எண்ணெ போடுறது கத்தி வழுக்கி ஓடத்தான்னு நிறைய பேர் நெனக்கிறாங்க, அதோட பெரிய வேலை என்னன்னா தீட்டும்போது உதிர்ற இரும்புத் தூளையும் கல்லுத் தூளையும் மெதக்க வச்சு மேலயே நிப்பாட்டுறது, அந்த கறுப்பு சேத்த நீங்க துணியால வழிச்சு எடுத்துட்டா கல்லோட கண்ணு அடைக்காது. தேங்கா எண்ணெ நம்ம குளிருக்கு ஆகவே ஆகாது. ஏறக்குறைய 24 டிகிரிக்கு கீழ போனாலே உறைய ஆரம்பிச்சிடும், நுவரெலியாவுல வருஷ சராசரியே 16 டிகிரி கிட்டத்தான், அப்ப விடியக்காலையில உங்க கல்லுக்குள்ள இருக்கிறது இரும்புத் தூள் கலந்த கெட்டிக் கொழுப்பு. நல்லெண்ணெ, சூரியகாந்தி எண்ணெ இந்தக் குளிருக்கு உறையாது, ஆனா காத்துப் பட்டு நாள்பட பிசினாயிடும், தாச்சி வெளிப்பக்கம் சுரண்டினாலும் போகாம ஒட்டியிருக்கிற மஞ்சள் பிசுக்கு அதுதான்.

தையல் மெஷினுக்கு போடுற எண்ணெ வாங்குங்க, சின்ன போத்தல் ரொம்ப நாளைக்கு வரும். இல்லாட்டி பாமசியில மலச்சிக்கலுக்கு குடுக்கிற லிக்விட் பரஃபின், மணம் இல்ல, கெட்டுப் போகாது, தடிப்பா தெரிஞ்சா கொஞ்சம் மண்ணெண்ணெ கலந்துக்கலாம். எஞ்சின் ஒயில் வேணாம், அது தடிப்பு, கத்தி கல்லத் தொடாம மேலயே போயிடும். கழிச்ச ஒயில தொடவே தொடாதீங்க, அது கையில படுறதே கெடுதி, புற்றுநோய் வர வைக்கிற சாமான் அதுல இருக்கு.

இருக்கிற கல்ல வீசிடாதீங்க. ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில ஊறப் போட்டு, அடுப்புப் பக்கம் கொண்டு போகாம வெளிய வச்சே பிரஷ்ஷால நல்லா தேச்சு, சவக்காரம் போட்டு சுடுதண்ணியில கழுவி காய வைங்க. அப்பவும் பளபளன்னு இருந்தா கண்ணாடித் துண்டு மேல தண்ணிக்கு போடுற சேண்ட் பேப்பர விரிச்சு வட்டமா தேச்சா புது முகம் வந்துடும்.

இன்னொன்னு, கவ்வாத்துக் கத்தி வளைவா இருக்கிறதால கத்திய அசையாம பிடிச்சுக்கிட்டு கல்ல கையில எடுத்து வளைவோட போங்க. கூர் இல்லாத கத்தி கிளைய வெட்டாது, பிளக்கும், பிளந்த இடத்துல மழத்தண்ணி இறங்கி கட்டையே உக்கிப் போகும், செடி தழைச்சு வர்றது கஷ்டம். அதனாலதான் இவ்வளவு சொல்றேன்.

கேள்வி: ஹோட்டல் குசினியில வேல செய்றேன். ஜப்பான்ல இருந்து வந்த வோட்டர் ஸ்டோன் ஒண்ணு கெடச்சிருக்கு, அதுக்கும் மெஷின் எண்ணெ போடலாமா?
– ஒரு வாசகி, நுவரெலியா

பதில்: போடாதீங்க தங்கச்சி, அதுக்கு தண்ணி மட்டும்தான். எண்ணெ ஒரு தடவ உள்ள இறங்கிட்டா முழுசா வெளிய எடுக்க முடியாது. வைரத் தூள் ஒட்டின தகடு இருந்தா அதுக்கும் தண்ணியே போதும். எண்ணெக் கல்லுலதான் தீட்டணும்னா லிக்விட் பரஃபின் பாவிங்க, தீட்டி முடிச்சதும் கத்திய சவக்காரம் போட்டு கழுவிட்டு மரக்கறி வெட்டுங்க.