ரிலே சைக்கிள் பந்தயத்துக்கு இரண்டரை லட்ச ரூபாய் பைக் வேண்டுமா?

கேள்வி: வயது 44. எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். சர்க்கரை எல்லையைத் தொட்டதால் டாக்டர் சொல்லி சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தேன். இப்போது விடியற்காலையில் ஓட்டாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் ஓடாது. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து புனே–கோவா டெக்கான் கிளிஃப்ஹேங்கர் பந்தயத்தில் ரிலே அணியாக இறங்கப்போகிறோம். என்னிடம் இருப்பது அலுமினிய ரோடு பைக் (சாலையில் வேகமாக ஓட்டும் சைக்கிள்). உயரமான ரிம் போட்ட கார்பன் பைக்கை இரண்டரை லட்சத்துக்கு வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?
– வாசகர், தக்கலை

பதில்: வேண்டாம். இருக்கிற பைக்கே போதும்.

அந்தப் பந்தயம் ஏறத்தாழ 640 கிலோமீட்டர். ரிலேயில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் சாலையில் இருப்பார், மற்றவர்கள் வண்டியில். மூச்சு முட்ட ஓட்டிவிட்டு, வியர்வை காயாமல் காரில் சுருண்டு கிடந்து, நடுராத்திரி மரத்த காலோடு திரும்பவும் ஏறவேண்டும். காசை அந்த நேரத்துக்காகச் செலவழியுங்கள்.

முதலில் பைக் ஃபிட்டிங். சீட் உயரமும் ஹேண்டில் தூரமும் உங்கள் உடம்புக்குச் சரியாக இருந்தால் முதுகுவலி பாதி குறையும். அப்புறம் நல்ல பேட் வைத்த ஷார்ட்ஸ், குறைந்தது மூன்று. ஒவ்வொரு முறை இறங்கியதும் மாற்றிவிட வேண்டும். புதிதாக வாங்கியதைப் பந்தயத்தன்று போடாதீர்கள். குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை வரை நாலைந்து தடவை போய்வந்தால் எந்தத் தையல் தொடையை அறுக்கிறது என்று தெரிந்துவிடும்.

லைட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்துக்கு உரியது. முழு சார்ஜ் போட்டு, ஃபேனுக்கு நேரே வைத்து, முழு வெளிச்சத்தில் அணையும்வரை எரியவிட்டுப் பாருங்கள். காற்றுப் படாவிட்டால் சூடேறித் தானே மங்கிவிடும், சோதனை தப்பாகிவிடும்.

அணிக்கென்று ஒன்று வாங்குவதானால் ஸ்பேர் வீல் வாங்குங்கள். அதற்கு முன் நாலு பைக்கையும் ஓரிடத்தில் நிறுத்தி, வீல்களைக் கழற்றி மாற்றி மாட்டிப் பாருங்கள். ஒருவருக்கு டிஸ்க் பிரேக், இன்னொருவருக்கு ரிம் பிரேக், ஆக்சில் வேறு, பின்சக்கரத்துப் பல்சக்கர எண்ணிக்கை வேறு என்றால் அந்த வீல் வண்டியில் சும்மா கிடக்கும்.

உயரமான ரிம் பக்கக்காற்றைப் பிடிக்கும், நம் ஊருக்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் காற்றைக் காற்றாலைக்காரர்கள் கொண்டாடலாம், நீங்கள் கொண்டாட முடியாது. காவல்கிணறு–கன்னியாகுமரி நாலுவழிச் சாலையில் பக்கவாட்டில் தள்ளும்போது ஹேண்டிலைப் பிடிக்கவே தெம்பு போய்விடும். சாதா ரிம்மோடு நாகர்கோவிலிலிருந்து ஆரல்வாய்மொழிக்குப் போய்த் திரும்புங்கள். வரும்போது எதிர்காற்று, நல்ல பயிற்சி.

ஓட்டும்போது தெம்புக்குச் சாப்பிடும் ஜெல்லைப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். ஏத்தன்பழம் (நேந்திரம்பழம்) போதும். மட்டிப்பழம் ருசிதான், ஆனால் ஜெர்சிப் பையில் கூழாகிவிடும். உங்களுக்குச் சர்க்கரை எல்லையில் இருப்பதால், என்ன சாப்பிடலாம் என்பதை டாக்டரிடமே கேளுங்கள். இதயப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மிச்சமாகும் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

இன்னொன்று: நாலு பேரும் எதற்காக இறங்குகிறீர்கள் என்று நுழைவுக் கட்டணம் கட்டும் முன்பே பேசிவிடுங்கள். ஒருவருக்கு மெடல் வேண்டும், மற்றவருக்கு முடித்தால் போதும் என்றால், சப்போர்ட் வண்டி வாடகையிலேயே சண்டை ஆரம்பித்துவிடும். நடுவில் ஒருவர் விலகினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் விதிமுறையில் பாருங்கள்.

கேள்வி: கடையில் வாங்கிய சைக்கிள் லைட் பத்து நாளில் சார்ஜ் ஏறவில்லை. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார்கள்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பழுதான பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் காலக்கெடு இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்ப எடுக்க மறுப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. எழுத்தில் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் போதும், அழிக்காமல் வைத்திருங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேல் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். தனிநபரிடம் செகண்ட்ஹேண்டாக வாங்கியிருந்தால் மட்டும் இந்த வழி கைகொடுப்பது கஷ்டம்.