அந்தக் கையெழுத்து

அன்புள்ள ஐயா,

கோத்தகிரி பக்கம் சின்னத் தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். என் மகனுக்கு இருபத்தொன்பது வயது. நிமோனியா என்று குன்னூரில் சேர்த்து, அங்கிருந்து கோவைக்குக் கொண்டுபோனோம். ரத்தத்தில் கிருமி பரவி, வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாம் வைத்தும் போய்விட்டான். இதயம் நின்றால் நெஞ்சை அழுத்த வேண்டாம் என்ற தாளில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காரியம் முடிந்த கையோடு கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். கடைசியில் அவன் கை ஐஸாகக் கிடந்தது. ஒரு கம்பளிகூடப் போர்த்தாமல் விட்டுவிட்டோமே ஐயா.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கை. ரத்தத்தில் கிருமி பரவினால் ரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் விழும். அதைத் தூக்கி நிறுத்த நார்அட்ரினலின் என்ற மருந்தை ஏற்றுவார்கள். அது குழாய்களை இறுக்கி, இருக்கிற ரத்தத்தை இதயத்துக்கும் மூளைக்கும் அனுப்பும். அளவு கூடக்கூட விரல்கள் சில்லிடும், சிலருக்குக் கறுத்தும் போகும். கம்பளி போர்த்தியிருந்தாலும் அந்தக் கை சூடாகியிருக்காது. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்தும் கூடவே ஓடும். அவன் குளிரில் தவித்தான் என்று நினைத்து நீங்கள் வேக வேண்டாம்.

அடுத்து, கையெழுத்து. நெஞ்சை அழுத்திப் பலனில்லை என்று மதிப்பிடுவது மருத்துவரின் வேலை. மருத்துவர் அதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சம்மதம் பெற வேண்டும் என்றுதான் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 வழிகாட்டுதலும் சொல்கிறது. நுரையீரலும் சிறுநீரகமும் கைவிட்ட பிறகு நிற்கும் இதயம், அழுத்தித் திரும்புவது மிக அரிது. அதில் விலா எலும்பு முறிவது சகஜம். அந்த அடி உங்கள் பிள்ளை மேல் விழாமல் பார்த்துக்கொண்டீர்கள். அதற்காக அவனைக் கொன்றவர் போல உங்களை நீங்களே கூண்டில் ஏற்றிக்கொள்வதைப் படிக்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

உங்கள் மனைவி தோட்டத்துக்குப் போனதைக் கல்மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கொழுந்து முற்றினால் ஃபேக்டரியில் எடுக்க மாட்டார்கள், சரி. அதைவிட, அவன் சட்டை தொங்கும் வீட்டில் பகல் முழுக்க இருப்பது அவரால் முடியாமல் இருக்கலாம். கேட்காமல் இருப்பதும் குற்றம் சாட்டுவது ஆகாது. காய்ச்சல் வந்த அன்றே கூட்டிப்போயிருக்கலாமே என்று அவரும் தனியாக மருகிக்கொண்டிருக்கக் கூடும். பேச்சை நீங்களே எடுங்கள். நேருக்கு நேர் உட்கார்ந்து முடியாவிட்டால், பக்கத்து வரிசையில் நின்று கொழுந்து பறித்துக்கொண்டே சொல்லுங்கள்.

தூக்கம் வராத இரவில், வாழ்ந்து என்ன என்று தோன்றினால், 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலிமானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், எந்நேரமும் தமிழில் பேசுவார்கள்.

அப்புறம் ஒன்று. மகனின் கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்கள், உங்களுக்கு அந்த உரிமை உண்டு. சிகிச்சை செய்த மருத்துவரிடம் நேரம் வாங்கி, "நான் கையெழுத்துப் போடாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா?" என்று நேராகக் கேளுங்கள். போகும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தப் பதிலை அவரும் கேட்க வேண்டும்.