பேரூராட்சி ‘ஆட்சேபணை இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டதா?

கேள்வி: சென்னைக்கு வெளியே ஒரு பேரூராட்சியில் வசிக்கிறேன். எங்கள் தெருவை ஒட்டிய 10 ஏக்கர் நஞ்சை நிலத்தை விவசாய உபயோகத்திலிருந்து குடியிருப்பு உபயோகத்துக்கு மாற்றப்போவதாக நாளிதழில் அறிவிப்பு வந்திருக்கிறது. 400 வீடுகள் வரும் என்கிறார்கள். இருக்கிற எங்களுக்கே மூன்று நாளுக்கு ஒருமுறைதான் குடிநீர். பாதாளச் சாக்கடை கிடையாது. பேரூராட்சி அலுவலகத்தில், “ஆட்சேபணை இல்லையென்று கொடுத்தாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது” என்கிறார்கள். ஆட்சேபணை தெரிவிக்க 21 நாள் கொடுத்ததில் ஆறு நாள் போய்விட்டது. தண்ணீர் போதாது என்பது சட்டப்படி ஒரு காரணமாகுமா?

பதில்: ஆகும். ஆனால் ‘தண்ணீர் போதாது’ என்று ஒரு வரி எழுதினால் ஆகாது. எத்தனை லிட்டர் போதாது என்று எழுதினால்தான் ஆகும். இத்தகைய மனுக்கள் பல தோற்பதற்குக் காரணம் சட்டம் பலவீனமாக இருப்பதல்ல, மனுவில் கணக்கு இல்லாததுதான்.

முதலில் சட்டம். நில உபயோக மாற்றம் என்பது, எந்த நிலம் எதற்கு என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தையே (மாஸ்டர் பிளான்) திருத்துவது. 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32ஆவது பிரிவின்படி அது நடக்கிறது. அதே சட்டத்தின் 17ஆவது பிரிவு, முழுமைத் திட்டத்தில் இடம்பெறக்கூடியவற்றைச் சொல்லும்போது போக்குவரத்தையும் அடிப்படை வசதிகளையும் சேவைகளையும் சேர்த்தே சொல்கிறது. திட்டத்தை வகுக்கும்போது எதை எடைபோட வேண்டுமோ, அதைத் திருத்தும்போதும் எடைபோட வேண்டும் என்பதுதான் உங்கள் வாதத்தின் அடித்தளம். பேரூராட்சியின் கடிதம் அந்த எடைபோடலுக்கு ஈடாகாது. அந்தக் கடிதம் எந்த ஆய்வின் பேரில், எந்த நாளில், எந்தப் பொறியாளரின் அறிக்கையைப் பார்த்துக் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். அப்படியோர் அறிக்கை இல்லையென்றால், இல்லை என்பதே உங்கள் மனுவின் வலுவான வரி.

இப்போது கணக்கு. 400 வீடு என்பது கட்டுநர் சொல்வது. நில உபயோகம் மாறிவிட்டால் அவர் சொன்ன எண் அவரைக் கட்டுப்படுத்தாது. விதிகள் எவ்வளவு அனுமதிக்கின்றனவோ அதுதான் எல்லை. பத்து ஏக்கர் என்பது ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். சாலை, பூங்கா போக 30,000 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, உயரமான கட்டடம் அல்லாதவற்றுக்கே தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற எண்) 2. அதாவது 60,000 சதுர மீட்டர் கட்டலாம். வீட்டுக்கு 75 சதுர மீட்டர் என்றால் 800 வீடு. வீட்டுக்கு நான்கு பேர் வீதம் 3,200 பேர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது வழக்கமான பொறியியல் அளவுகோல். ஆக ஒரு நாளைக்கு 4,32,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் 36 நடை. உங்கள் தெரு வழியாக, ஒவ்வொரு நாளும்.

இதன் எதிரே உங்கள் ஊரின் இருப்பை வையுங்கள். மேல்நிலைத் தொட்டியின் கொள்ளளவைக் காட்டி ‘தொட்டி பெரிது’ என்பார்கள். தொட்டி தண்ணீரைத் தருவதில்லை. கிணறும் கூட்டுக் குடிநீர்த் திட்டமும்தான் தருகின்றன. ஆகவே கேட்க வேண்டியது மே, ஜூன் மாதங்களில் உண்மையில் வந்து சேர்ந்த அளவு. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைப் பார்த்த பிறகும் ஆண்டுச் சராசரியைக் காட்டி அனுமதி கேட்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, பலரும் தவறவிடுவது: ஏற்கெனவே அனுமதி பெற்று இன்னும் வீடு எழாத மனைகள். அவற்றுக்கும் தண்ணீர் கொடுக்கப் பேரூராட்சி கடமைப்பட்டிருக்கிறது. அந்தத் தேவையைக் கழித்த பிறகு என்ன மிச்சம் என்பதே கேள்வி.

கழிவுநீர், வழங்கும் நீரில் 80 விழுக்காடு என்று கொள்வார்கள். இங்கே 3,45,600 லிட்டர். வளாகத்துக்குள்ளேயே சுத்திகரிப்போம் என்ற பதில் வரும். சுத்திகரித்த நீர் மழைக்காலத்தில் எங்கே போகும்? இந்த ஒரு கேள்விக்கு வரைபடத்தோடு பதில் கேளுங்கள். நிலம் நஞ்சை என்கிறீர்கள். இத்தனை காலம் மழைநீர் வந்து நின்ற இடம் அது. மண் கொட்டி உயர்த்தினால் தண்ணீர் உங்கள் வாசலுக்குத்தான் வரும். வரத்துக்கால் (ஏரிக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்), கலங்கல் (ஏரியின் உபரிநீர் வழியும் இடம்) எதுவும் அந்தப் புல எண்களின் வழியே போகிறதா என்று கிராம வரைபடத்தில் பாருங்கள். பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் பற்றியும் ஒரு பத்தி எழுதலாம், ஆனால் மனுவின் பாரத்தைத் தண்ணீர், கழிவுநீர், வெள்ளம், அணுகுசாலை இந்த நான்கில் வையுங்கள்.

‘உள்கட்டமைப்புக் கட்டணம் செலுத்துகிறோமே’ என்றும் சொல்வார்கள். கட்டணம் அரசின் கணக்கில் சேரும். அதனால் உங்கள் ஊரில் குழாய் பதிந்துவிடாது. எந்தத் திட்டம், நிதி ஒப்புதல் ஆகிவிட்டதா, எந்த ஆண்டு முடியும் என்று கேளுங்கள். ‘வீடே வரக்கூடாது’ என்று எழுதாதீர்கள். அங்கே குடிவரப்போகிறவர்களும் கடன் வாங்கி வீடு வாங்கும் குடும்பங்கள்தான்; தண்ணீரில்லாத வீட்டில் அவர்களும் தவிப்பார்கள். குடிநீர் ஆதாரமும் வடிகாலும் அமைந்த பிறகே மாற்றம் என்று கேட்பது நியாயமும்கூட, நீதிமன்றத்தில் நிற்கும் நிலைப்பாடும்கூட.

இந்த ஆட்சேபணை ஏன் இவ்வளவு முக்கியம் தெரியுமா? 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டுமானத்துக்கு மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி தேவை. ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்கு அளித்திருக்கிறது. ஆகவே உங்கள் குரல் கோப்பில் ஏறுவதற்கான முக்கியமான கட்டம் இதுதான். பின்னர் உயர்நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226ஆவது உறுப்பின்கீழ் நீதிப்பேராணை மனு போட்டாலும், நீதிபதிகள் பொறியாளர்களாக மாறி லிட்டரை அளக்க மாட்டார்கள். முன்னால் வைக்கப்பட்ட ஆட்சேபணையை அதிகாரிகள் மனத்தில் கொண்டு பரிசீலித்தார்களா என்றே பார்ப்பார்கள். பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்த பெங்களூர் வழக்கில், கேள்வி கேட்கும் உரிமை அப்பகுதி மக்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே சொல்லிவிட்டது.

கடைசியாக நாட்கணக்கு. தகவல் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள். உங்களிடம் இருப்பது 15. பதிலுக்காகக் காத்திருக்காதீர்கள். இன்றே தகவல் மனுவைப் போடுங்கள், கோப்பை நேரில் பார்வையிடவும் அதிலேயே அனுமதி கேளுங்கள். கையில் உள்ள கணக்கோடு ஆட்சேபணையை இந்த வாரமே எழுதி, “கேட்ட ஆவணங்கள் கிடைத்ததும் கூடுதல் ஆட்சேபணை தாக்கல் செய்யும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்கிறோம், நேரில் விசாரிக்கக் கோருகிறோம்” என்ற வரியைச் சேருங்கள். ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். இன்னொன்றை அறிவிப்பில் குறிப்பிட்ட அலுவலகத்தில் நேரில் கொடுத்து, தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.