தட்டை மெக்கானிக்கல் கீபோர்டில் ‘கடை’ ‘க்கடை’ ஆவது

புதிய தட்டை (low-profile) கீபோர்டை இப்போதே கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டாம். விளையாட்டில் சரியாக இருந்து, தமிழ் அடிக்கும்போது மட்டும் ‘கடை’ ‘க்கடை’ ஆகிறது என்றால், விசை இருமுறை பதிவாகிறது. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். அதனால்தான் பிழை இப்படிக் கண்ணில் குத்துகிறது.

விரல் பழக்கமே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். விசைக்கு அடியில் இருக்கும் சுவிட்சுதான் அழுத்தத்தைப் பதிவு செய்கிறது. செர்ரி நிறுவனத்தின் வழக்கமான சிவப்பு சுவிட்ச் 2 மி.மீ. இறங்கிய பிறகே பதிவாகும். உங்களிடம் உள்ள அதன் தட்டை வகையில் 1.2 மி.மீ. போதும். விளையாட்டுக்கு அது வரம். யோசித்து யோசித்துக் கடிதம் எழுதுகிறவர் விசைமேல் விரலைச் சற்று அழுத்தமாக ஓய்வு கொடுத்தாலே எழுத்து விழுந்துவிடலாம்.

சோதனை: கேபிளில் இணைத்து, ஆங்கிலத்துக்கு மாற்றி, அதே விசையை நிதானமாக, முழுதாக இருபது முறை அழுத்துங்கள். இருபதுக்கு மேல் விழுந்தால் சுவிட்ச் பழுது. தயங்காமல் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள். கேபிளில் சரியாகி, புளூடூத்தில் மட்டும் ஒரே எழுத்து வரிசையாக நீண்டால் சிக்கல் இணைப்பில்.

சோதனையில் சரியாக இருபதே விழுந்து, பழக்கம்தான் காரணம் என்றால், அழுத்தும்போது சிறு தடை தரும் பழுப்பு வகை சுவிட்சை சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேரில் தட்டிப் பாருங்கள். நீல வகை வேண்டாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் அடுத்த அறை வரை கேட்கும்.

ஒன்று மட்டும்: சுவிட்சை மட்டும் மாற்ற நினைத்தால் முதலில் பலகையின் மாதிரியைப் பாருங்கள். எல்லாப் பலகையிலும் சுவிட்சைக் கழற்ற முடியாது. தட்டை சுவிட்சுகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் பொருந்துவதில்லை.