அரசுத் துறையோடு நடக்கும் சமரசப் பேச்சு இழுத்துக்கொண்டே போகிறது. தொடரலாமா, முறித்துக்கொள்ளலாமா?

மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியதில் வீட்டுச் சுவர் விரிசல் விட்டது, குடும்பமாக இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டோம், நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பியது, அங்கேயும் வாய்தாதான் என்கிறீர்கள். திருவொற்றியூரில் எங்கள் அம்மா வீட்டுக்கும் ஏறக்குறைய இதே கதைதான்.

துறைக்குள் உங்கள் கோப்பு நகர்ந்துகொண்டிருக்கும் வரைக்கும் தொடருங்கள்.

எதிரே வந்து உட்காரும் அதிகாரிக்குப் பத்து ரூபாய் கூட்டிக் கொடுக்கக்கூட அதிகாரம் இருக்காது. நீங்கள் கேட்டதைக் குறித்துக்கொண்டு போய் மேலே அனுப்புவார். நிதிப் பிரிவு பார்க்கும், அரசு வழக்கறிஞரிடம் கருத்து கேட்பார்கள், யாரோ ஒரு குறிப்பு எழுதித் திருப்பி அனுப்புவார். உண்மையான பேச்சு இரண்டு அமர்வுகளுக்கு நடுவில், அந்தக் கோப்புக்குள் நடக்கிறது. எங்கள் வழக்கில் பேச்சு நடக்கும்போதே அதிகாரி மாற்றலாகிப் போனார். புதியவர் "எனக்கு முழு விவரம் தெரியாதுங்க" என்று ஆரம்பித்ததும் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏமாத்துறானுங்க, எழுந்து வாக்கா, கோர்ட்லயே பாத்துக்கலாம்" என்று அம்மாவை இழுத்தார்.

அம்மா எழவில்லை. எங்கள் வக்கீல் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: அந்த அதிகாரிக்கு உங்கள் மேல் பகை கிடையாது, தணிக்கையில் ஆட்சேபம் வருமே என்றுதான் பயம். எந்தக் கணக்கில் இவ்வளவு கொடுத்தாய் என்று நாளைக்குக் கேட்டால் காட்ட அவருக்கு ஒரு தாள் வேண்டும். அந்தத் தாளை நாம்தான் கொடுக்க வேண்டும்.

அதனால் ரவுண்டாகக் கேட்டிருந்த தொகையை விட்டுவிட்டு, உரிமம் பெற்ற பொறியாளரை வைத்து பொதுப்பணித் துறை விலை விகிதப்படி மதிப்பீடு போட்டோம். அவர் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை சிமென்ட் வைத்துப் பதித்து, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் இன்னும் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தது. அந்தப் படத்தையும் மதிப்பீட்டையும் அடுத்த அமர்வுக்குக் காத்திருக்காமல் எழுத்துப்பூர்வமாக அனுப்பி ஒப்புகை வாங்கினோம். அதன் பிறகுதான் துறைப் பொறியாளர் டேப்போடு வந்து அளந்தார். மதிப்பீட்டைவிடக் கொஞ்சம் குறைத்து முடித்தோம். மாமாவுக்கு இன்றைக்கும் அதில் மனக்குறைதான்.

முறித்துக்கொள்வதால் என்ன லாபம் என்றும் பாருங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005-இல் தொடங்கிய சமரச மையத்தில் பேச்சுக்குக் கட்டணம் கிடையாது. அங்கே பேசியதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது. சமரசமாக முடிந்தால் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 69-ஏ பிரிவின்படி கட்டிய கட்டணம் திரும்பும். முடியாவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து நடக்கும். 2023 மத்தியஸ்தச் சட்டம் சமரசப் பேச்சை முடிக்க 120 நாள், இரு தரப்பும் சம்மதித்தால் மேலும் 60 நாள் என்று வரம்பு வைக்கிறது. ஆனால் அதன் பிரிவுகள் எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. உங்கள் வழக்குக்கு எந்தக் கெடு என்று வக்கீலிடம் கேளுங்கள்.

ஒவ்வொரு அமர்விலும் கோப்பு இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்று கேளுங்கள். மழுப்பினால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். பதிலிலும் கோப்பு அதே மேஜையில்தான் என்றால் அப்போது முறித்துக்கொள்ளலாம், தப்பில்லை.

இழப்பீட்டைத் தாண்டி அந்த இடமே எங்களுடையது என்று அரசுக்கு எதிராக உரிமை கேட்கிறீர்களா? அப்படியானால் வேறு பாதை. அரசுக்கு எதிராக உரிமையை அறிவிக்கச் சொல்லும் அத்தகைய விளம்புகை வழக்குகள் சமரசத்துக்குப் பொருந்தாதவை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அஃப்கான்ஸ் வழக்கில் வகைப்படுத்தியது.

ஒத்துவந்தால், வழக்கில் பெயர் உள்ள வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் அண்ணன் தம்பி இருந்தால் பவர் பத்திரத்தை இப்போதே வாங்கி வையுங்கள். பணம் எந்தத் தேதிக்குள் வரும், தவறினால் என்ன வட்டி என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.