கொலம்பியா ஓடத்தின் சிதைவு விற்பனைக்கு வருமா?

கேள்வி: வள்ளியூரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். 2003-இல் வெடித்துச் சிதறிய கொலம்பியா விண்வெளி ஓடத்தின் துண்டு ஒன்று தன்னிடம் இருப்பதாக ஒரு தரகர் சொல்கிறார். ஈயப் பெட்டியில் வைத்து சீல் போட்டிருக்கிறார். விசாரணைக் குழு கொடுத்த சான்றிதழும் இருக்கிறது. அதில் போன வருடத் தேதி. நாசாவே பல கோடிக்கு வாங்கிக்கொள்ளுமாம். சோதனைக் கட்டணம் என்று 2 லட்சம் கொடுத்துவிட்டேன், பாதி ரொக்கமாகவும் பாதி வங்கி மூலமும். இன்னும் 5 லட்சம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: அண்ணாச்சி, இனி ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்தச் சான்றிதழே பொய். கொலம்பியா விபத்து விசாரணைக் குழு என்பது அட்மிரல் ஹெரால்டு கெமன் தலைமையில் 13 பேர் இருந்த குழு. 2003 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது, அந்த ஆண்டிலேயே அதன் வேலை முடிந்தது. இல்லாத குழு போன வருடம் எப்படிக் கையெழுத்துப் போடும்?

ஓடம் வெடிக்கவும் இல்லை. புறப்பட்ட 82-ஆவது விநாடியில், வெளி எரிபொருள் தொட்டியிலிருந்து முக்கால் கிலோ அளவுள்ள நுரைக்காப்புத் துண்டு ஒன்று பிய்ந்து வந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதி ஓட்டை போட்டது. 2003 பிப்ரவரி 1 அன்று தரையிறங்க வரும்போது அந்த ஓட்டை வழியாகக் கொதிக்கும் காற்று உள்ளே புகுந்து இறக்கையை உருக்கியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். சிதைவுகள் விழுந்தது டெக்சாஸ், லூசியானா பக்கம். அங்கிருந்து ஒரு துண்டு உவரிக் கரையில் ஒதுங்கியது என்று யாராவது கதை சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்தத் துண்டுகள் யார் கைக்கும் ஏன் விலைக்கு வராது தெரியுமா? அவை சாட்சிகள். சுமார் 25,000 பேர் காடுமேடெல்லாம் நடந்து 84,000 துண்டுகளுக்கு மேல் பொறுக்கினார்கள். கிடைத்த இடத்தை ஒவ்வொன்றுக்கும் குறித்துவைத்து, கென்னடி விண்வெளி மையத்துக் கொட்டகையில் தரையில் கட்டம் போட்டு அதது இருந்த இடத்தில் பரப்பினார்கள். இடது இறக்கையின் முன்விளிம்பில் வெப்பம் தாங்கப் பதித்திருந்த கரித்தகடுகளில் எட்டாவது இருந்த இடத்தில்தான் உண்மை வெளிவந்தது. அங்கே கிடைத்த துண்டுகளின் ஓரங்கள் கத்தி விளிம்பு போல் தேய்ந்திருந்தன. உட்புறத்தில் உருகிய உலோகம் அப்பிக் கிடந்தது. வலது இறக்கையில் அப்படி இல்லை. எந்த ஓட்டை வழியே நெருப்பு நுழைந்தது என்று அந்த ஓரங்களே காட்டிக் கொடுத்தன. இப்படிப்பட்ட பொருளைப் பெட்டியில் அடைத்து விற்கிறேன் என்பவன் திருடனாகத்தான் இருப்பான், இல்லையென்றால் புளுகன். அத்தனையும் அமெரிக்க அரசின் சொத்து. எடுத்து ஒளித்துவைத்தவர்கள் மீது அங்கே வழக்கே போட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதைத் தரகர் உங்களிடம் சொல்லக்கூடும் என்பதால் விவரமாகவே சொல்கிறேன். விண்வெளி ஓடத் திட்டம் முடியும் தறுவாயில், மிச்சமிருந்த வெப்பத்தடுப்பு ஓடுகளை நாசா அமெரிக்கப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொடுத்தது. சிலிக்கா இழையால் ஆனவை. கையில் எடுத்தால் எடையே தெரியாது. ஆகவே ஒருவரிடம் ஓடு இருப்பதாலேயே அவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். ஆனால் அவை விபத்தில் சிக்கியவை அல்ல, கையிருப்பில் மீந்தவை. பள்ளிகளிடம் வாங்கியதும் அனுப்புகைச் செலவான 23 டாலர் சொச்சம்தான். கோடி எங்கே இருக்கிறது?

இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று ஊர் ஊராக ஏமாற்றிய அதே கூட்டம்தான் இப்போது விண்வெளி என்று கிளம்பியிருக்கிறது. கதிர்வீச்சு உடை போட்ட 'விஞ்ஞானி' வருவார், சோதனைக்கு ஒரு கட்டணம், பிறகு முத்திரைக்கு ஒரு கட்டணம். "மகேந்திரகிரியில் எனக்கு ஆள் இருக்கிறது" என்பது இவர்கள் எல்லாரும் சொல்லும் வசனம். அந்த மலையடிவாரத்து இஸ்ரோ மையத்தில் ராக்கெட் என்ஜின் சோதனைப் பணியில் இருந்தவன் சொல்கிறேன்: அங்கே யாரும் எதையும் விலைக்கு வாங்குவதில்லை, சான்று கொடுப்பதும் இல்லை.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். கொலம்பியா அறிக்கையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கலாம். தவறு நாசாவின் நிர்வாகப் போக்கிலும் இருந்தது என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறது. இங்கே 2019-இல் சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் நிலவில் மோதியதற்கான முழு ஆய்வறிக்கை இன்றுவரை மக்கள் கைக்கு வரவில்லை. எத்தனை முறை கேட்டாயிற்று! விசாரணை என்றால் என்ன, அதன் ஆவணம் எப்படி இருக்கும் என்று மக்கள் பார்த்திருந்தால் ஒரு கலர் பிரிண்ட் சான்றிதழ் 2 லட்சத்தைப் பறித்திருக்காது.

இன்றே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குப் போன் செய்து வங்கி மூலம் போன தொகையைச் சொல்லுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். பிறகு காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி மோசடி என்று எழுத்தில் புகார் கொடுங்கள். "நாளை வாருங்கள்" என்பார்கள். மனு ரசீது வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். இழுத்தடித்தால் திருநெல்வேலி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அந்தப் பெட்டி உங்கள் கடையில் இருந்தால் திறக்க வேண்டாம், அப்படியே காவல்துறையிடம் ஒப்படையுங்கள். பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று இன்னொரு தரகர் வருவார். அவரிடமும் கொடுக்காதீர்கள்.