பனிச்சங்கேணியில் நட்ட கண்டல் கன்றுகள் பட்டுப்போவது பற்றி

மட்டக்களப்பு மாவட்டத்துப் பனிச்சங்கேணி வாவியோரம் நட்ட கண்டல் (அலையாத்தி) கன்றுகள் ஏன் பட்டுப்போகின்றன என்று கேட்டு நீங்கள் எழுதியதைப் பார்த்தால், பிழை கன்றில் இல்லை தம்பி, இடத்தில்தான். மீனவர் சங்கப் பிள்ளைகள் இரண்டு மாரிக்கு நட்டும் பட்டுப்போச்சு என்றால் மனம் நோகத்தான் செய்யும், ஆனால் இது உங்களுக்கு மட்டும் நடந்ததில்லை. இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு செடிகூட மிஞ்சவில்லை, பாதிக்கு மேல் பிழைத்தது 3 இடங்களில் மட்டும். தாழ்வான சேற்றில் நட்டது, மாடு மேய்ந்தது, நட்டபின் பராமரிக்காதது எல்லாம் காரணங்கள்.

நம்ம வாவிப் பக்கம் மாரியில் வெள்ளம் ஏறினால் முகத்துவாரத்தை (வாவி கடலில் சேரும் வாய்) வெட்டித் திறக்கும்வரை வடியாது, சின்னக் கன்று முழுக்க மூழ்கி நாள்கணக்கில் நின்றால் மூச்சடைத்துச் செத்துவிடும். அதனால் முதலில் பக்கத்தில் தானாக முளைத்த கன்றுகள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று பாருங்கள், அந்த மட்டத்துக்குக் கீழே நடவே வேண்டாம். கோடையில் உப்பு ஏறும் மேட்டுப் பக்கத்துக்கு வெண்கண்டல் என்ற கண்டல் வகைதான் தாங்கும். தானாக முளைப்பவை நிறைய இருந்தால் நடுகையை விட்டுவிட்டு மாடு போகாமல் வேலி அடையுங்கள். வேலைக்கு முன் வன இலாகாவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அப்புறம், வெள்ளம் நின்ற உயரம் தெரிந்தால் இங்கே போடுங்கள்.